கை எட்டும் தூரம்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பெல்லிங்ஹாம் என்ற ஊரில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் நடுவே, மாணவர்கள் எல்லாத் திசையிலும் குறுக்கே கடந்து போகும் ஒரு திறந்த சதுக்கம். அங்கே ஒருநாள் ஊதாவும் மஞ்சளுமாக உடை, பெரிய பூட்ஸ், சிவப்பு மூக்கு சகிதம் ஒரு கோமாளி ஒற்றைச் சக்கர சைக்கிளில் சுற்றிச் சுற்றி வந்தார். உளவியல் பேராசிரியர் ஐரா ஹைமனும் அவருடைய குழுவினரும் செய்த ஏற்பாடு அது. சதுக்கத்தைக் கடந்து வந்தவர்களை நிறுத்தி, கோமாளியைப் பார்த்தீர்களா என்று நேராகவே கேட்டார்கள். இருவராகப் பேசிக்கொண்டு வந்தவர்களில் 71 சதவீதம் பேர் பார்த்திருந்தார்கள். காதில் பாட்டு கேட்டபடி வந்தவர்களில் 61 சதவீதம். சும்மா தனியாக நடந்தவர்களில் பாதிப் பேர். செல்போனில் பேசிக்கொண்டு வந்தவர்களில் 25 சதவீதம் பேர் மட்டும்.

ஆய்வு வெளிவந்தது 2009-இல். ஐபோன் கடைக்கு வந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. போன் என்றால் அன்று முக்கியமாகக் காதில் வைத்துப் பேசுவது. ஆகவே கோமாளியைத் தவறவிட்டவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டு நடக்கவில்லை. நிமிர்ந்து, முன்னால் பார்த்துத்தான் நடந்தார்கள். பேச்சையும் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் ஜோடியாகப் பேசிக்கொண்டு வந்தவர்கள்தான் அதிகம் பார்த்தார்கள். பக்கத்தில் நடப்பவரும் அதே சதுக்கத்தில் இருக்கிறார், அவருடைய கண்ணும் சேர்ந்து வேலை செய்கிறது. போனில் இருப்பவர் வேறெங்கோ இருக்கிறார். பேசுகிறவரையும் அங்கே கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்.

போன் பழக்கத்தைப் பற்றிக் கவலைப்படும்போதெல்லாம் நாம் மணிக்கணக்குத்தான் பேசுகிறோம். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம், ஏழு மணி நேரம் என்று போனே கணக்குக் காட்டுகிறது. எனக்கு அந்தக் கணக்கில் பெரிய நம்பிக்கை இல்லை. மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஒரு சினிமா பார்ப்பவர் இழப்பது மூன்று மணி நேரத்தை. அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று நாள் முழுக்க எடுத்து எடுத்துப் பார்ப்பவர் இழப்பது, சுற்றிலும் நடந்துகொண்டிருந்த ஒவ்வொன்றின் நடுப்பகுதியை. சாப்பாட்டின் நடுப்பகுதி, பிள்ளை சொல்லிக்கொண்டிருந்த கதையின் நடுப்பகுதி, சாலையின் நடுப்பகுதி. இந்த இழப்பு எந்த ஸ்க்ரீன் டைம் பக்கத்திலும் பதிவாவதில்லை.

சாலையில் மட்டும் இதற்கு விலை உடனே தெரிந்துவிடுகிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். ஓட்டும்போது போன் பயன்படுத்தியதால் என்று நாடு முழுக்கப் பதிவான மரணங்கள் மூவாயிரத்துச் சொச்சம்; மொத்தத்தில் இரண்டு சதவீதம். இவ்வளவுதானா என்று தோன்றும். இந்தப் பட்டியல் தயாராகும் விதத்தை யோசித்துப் பாருங்கள். விபத்து நடந்த இடத்துக்கு வரும் போலீஸ்காரருக்கு டயர் தேய்ந்த தடம் தெரியும், மது வாடை தெரியும், ஹெல்மெட் இல்லாதது தெரியும். மோதுவதற்கு மூன்று நொடி முன்பு ஓட்டியவரின் கண் எங்கே இருந்தது என்பது தெரியாது. ஓட்டியவர் பிழைத்திருந்தால் அவரும் சொல்லப்போவதில்லை. பெரும்பாலான மரணங்கள் 'அதிவேகம்' என்ற தலைப்பின் கீழ் போய்ச் சேர்கின்றன. அவற்றில் எத்தனையில் ஒரு திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது என்று எந்த அறிக்கையும் சொல்லாது.

கணக்கு எளிதானது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஸ்கூட்டர் ஒரு நொடிக்கு 11 மீட்டர் நகர்கிறது. வந்த மெசேஜ் யாருடையது என்று பார்க்க மூன்று நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாநகரப் பேருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் வரும் நீளத்தை அந்த ஸ்கூட்டர் யாரும் ஓட்டாமலே கடந்திருக்கும். ஒரு நாய், ஒரு பள்ளம், கதவைத் திறக்கும் ஆட்டோ, எதற்கும் அதைவிடக் குறைந்த தூரம் போதும்.

கையில் வைத்துக்கொண்டு பேசினால்தான் ஆபத்து, ப்ளூடூத் மாட்டிக்கொண்டால் பரவாயில்லை என்பது ஊரெங்கும் உள்ள நம்பிக்கை. ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவே போனைச் செருகிக்கொண்டு இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்து ஓட்டுகிறவர், தான் சட்டத்தையும் பாதுகாப்பையும் ஒருசேரக் காப்பாற்றிவிட்டதாகவே நினைக்கிறார். யூட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்ட்ரேயர் 2001 முதல் இதை ஓட்டுநர் சிமுலேட்டரில் சோதித்து வருகிறார். கையில் பிடித்துப் பேசுவதற்கும் கையில்லாமல் பேசுவதற்கும் கவனச் சிதறலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதே அவர் கண்டது. அவருடைய குழு கண்ணசைவுக் கருவி வைத்தும் பார்த்தது. ஓட்டுநரின் பார்வை சாலையோர விளம்பரப் பலகையின் மீது சரியாகவே பதிந்திருந்தது. பிறகு கேட்டபோது அதில் என்ன இருந்தது என்பது போனில் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு நினைவில்லை. கோமாளி விஷயத்தில் நடந்ததே இங்கும் நடந்திருக்கிறது.

2020-இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதி, ஓட்டும்போது வழி பார்ப்பதற்கு மட்டும் போனைப் பயன்படுத்தலாம் என்கிறது, அதுவும் கவனம் கலையாதபடி. விதி எழுதியவர்களின் மனதில் இருந்தது வரைபடம் மட்டும் காட்டும் ஒரு கருவி போலும். நம் வண்டிகளில் மாட்டப்பட்டிருக்கும் கருவியில், அதே வரைபடத்தின் மேல் வாட்ஸ்ஆப் செய்தி வந்து விழுகிறது.

சாலையை விட்டு வீட்டுக்குள் வந்தால் யாரும் சாவதில்லை. அதனாலேயே இங்கே நடப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஏட்ரியன் வார்டும் சக ஆய்வாளர்களும் 2017-இல் வெளியிட்ட சோதனைகளில் ஏறக்குறைய 800 பேர் பங்கேற்றார்கள். கவனமும் நினைவாற்றலும் தேவைப்படும் சில கணக்குகளை அவர்களுக்குக் கொடுத்தார்கள். சிலருடைய போன் மேஜை மேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது, சிலருடையது பையிலோ சட்டைப்பையிலோ, சிலருடையது பக்கத்து அறையில். எல்லாம் சத்தமில்லாமல், எதுவும் ஒலிக்கவில்லை, அதிரவில்லை. பக்கத்து அறையில் போனை விட்டு வந்தவர்கள் நன்றாகச் செய்தார்கள், மேஜை மேல் வைத்திருந்தவர்கள் பின்தங்கினார்கள். போன் தங்களைப் பாதித்ததாகப் பெரும்பாலோர் உணரவே இல்லை. பின்னால் இதே சோதனையை மறுபடி செய்து பார்த்தவர்களில் சிலருக்கு இந்த வேறுபாடு கிடைக்கவில்லை, சிலருக்குச் சிறிதாகக் கிடைத்தது. ஆகவே இதை வைத்துக்கொண்டு 'போன் மூளையைத் தின்கிறது' என்று தலைப்புப் போடுவது அதிகம். ஆனால் இந்தச் சோதனை கேட்ட கேள்வி முக்கியமானது. போனை எவ்வளவு நேரம் பார்த்தாய் என்று அது கேட்கவில்லை. எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டது.

சாப்பாட்டு மேஜையிலும் இதைச் சோதித்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் எலிசபெத் டன்னும் குழுவினரும் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களை நண்பர்களோடும் குடும்பத்தோடும் உணவகத்துக்கு அனுப்பினார்கள். பாதிப் பேரின் போன் மேஜையில் இருந்தது, மற்றவர்கள் ஒரு பெட்டியில் போட்டுவிட்டார்கள். மேஜையில் போன் இருந்தவர்கள் அதிகம் கவனம் சிதறினார்கள், அந்தச் சாப்பாட்டைச் சற்றுக் குறைவாகவே ரசித்தார்கள். வேறுபாடு சிறியதுதான். ஒரு வேளைக்குச் சிறியது. தினமும் மூன்று வேளை சாப்பிடுகிறோம்.

பெரியவர்கள் தங்களுக்குள் இப்படி ஒருவருக்கொருவர் பாதிக் காது கொடுத்துக்கொண்டு காலம் தள்ளலாம். குழந்தை விஷயம் வேறு. 1970-களில் எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். தாய் கைக்குழந்தையோடு வழக்கம்போலக் கொஞ்சி விளையாடுவார். பிறகு சொல்லி வைத்தபடி சில நிமிடங்கள் முகத்தில் எந்த அசைவும் காட்டாமல் குழந்தையையே பார்த்துக்கொண்டிருப்பார். குழந்தைக்கு மாற்றம் உடனே தெரிந்துவிடும். சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், குரல் கொடுக்கும், கிறீச்சிடும். அம்மாவின் முகம் அசையாவிட்டால் பார்வையைத் திருப்பிக்கொள்ளும், அழும். தாய் எழுந்து எங்கும் போகவில்லை. எதிரிலேயே இருக்கிறார். முகத்திலிருந்து பதில் வருவது மட்டும் நின்றிருக்கிறது.

2017-இல் நியூயார்க்கில் சில ஆய்வாளர்கள் இதே சோதனையை ஒரே ஒரு மாற்றத்தோடு செய்தார்கள். அசையாத முகத்துக்குப் பதிலாகத் தாய் போனை எடுத்துப் பார்க்கத் தொடங்குவார். ஏழு மாதம் முதல் இரண்டு வயது வரையிலான 50 குழந்தைகள். போன் கைக்கு வந்த நேரத்தில் குழந்தைகளின் வாட்டம் கூடியது, பொம்மைகளோடு விளையாடுவது குறைந்தது. தாய் போனைக் கீழே வைத்துத் திரும்பவும் கொஞ்சத் தொடங்கியபோது பெரும்பாலான குழந்தைகள் தெளிந்தன. அன்றாட வாழ்க்கையில் போனை அதிகம் பயன்படுத்துவதாகச் சொன்ன தாய்மார்களின் குழந்தைகள் அவ்வளவு சுலபமாகத் தெளியவில்லை. குழந்தை இதற்குப் பழகிவிடும் என்று யாராவது சொன்னால், பழகவில்லை என்பதே இதில் தெரிவது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: இந்த ஆய்வுக் கூடங்களில் எப்போதும் தாய்மார்களையே உட்காரவைக்கிறார்கள். அப்பாக்கள் தப்பித்துவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

பாஸ்டன் நகரத்துத் துரித உணவகங்களில், 2014-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, ஜென்னி ராடெஸ்கி என்ற குழந்தை மருத்துவரின் குழு ஓரமாக உட்கார்ந்து கவனித்தது. சிறு குழந்தைகளோடு சாப்பிட வந்த 55 பெரியவர்களில் 40 பேர் சாப்பாட்டின்போது போனை எடுத்தார்கள். போனில் மூழ்கியவரின் கவனத்தைத் திருப்பக் குழந்தை சேட்டையைக் கூட்டிக்கொண்டே போவதும், பெரியவர் நிமிர்ந்து கடுமையாக அதட்டுவதும் அவர்கள் பதிவு செய்த காட்சிகளில் உண்டு. அடம் பிடிக்கிற பிள்ளை என்று நாம் பெயர் வைக்கும் சிலவற்றின் தொடக்கம் எங்கே என்று இதைப் படித்தபின் எனக்குச் சந்தேகம் வருகிறது. நம் ஊர் உணவகங்களில் இதற்கு அடுத்த கட்டம் நடக்கிறது: குழந்தையிடமும் ஒரு போன் கொடுத்துவிடுகிறார்கள், மேஜை அமைதியாகிவிடுகிறது.

இதையெல்லாம் கேட்டதும் வரும் முதல் பதில், கட்டுப்பாடு வேண்டும் என்பது. மனதை அடக்கத் தெரியாதவர்களின் பிரச்சினை என்பது. எதிர்ப்பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் இந்தப் பதிலைச் சொல்லத் தயக்கம் வரும். எந்தத் தட்டலுக்குப் பரிசு வரும் என்று தெரியாதபோதுதான் புறா ஓயாமல் தட்டும் என்பதை உளவியலாளர்கள் ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957-இலேயே புத்தகமாகப் போட்டுவிட்டார்கள். லாட்டரிச் சீட்டு ஓடுவதும் இதே விசையில்தான். அதைத் தமிழ்நாடு 2003-இல் தடை செய்தது. விரலால் கீழே இழுத்துவிட்டால் புதிதாக ஏதாவது வருமா வராதா என்ற அந்த அரை நொடியைத் தடை செய்ய யாராலும் முடியவில்லை. பக்கத்தின் அடி வந்து சேராமல் ஓடிக்கொண்டே இருக்கும் ஸ்க்ரோலை 2006-இல் வடிவமைத்த ஏஸா ராஸ்கின், பிறகு அதற்காக வருந்துவதாகப் பகிரங்கமாகவே சொன்னார். ஃபேஸ்புக்கின் முதல் தலைவராக இருந்த ஷான் பார்க்கர் 2017-இல் ஒரு மேடையில், மனித மனதின் பலவீனம் ஒன்றைத் தெரிந்தே பயன்படுத்தினோம் என்ற பொருள்படப் பேசினார். அதே ஆண்டு நெட்ஃப்ளிக்ஸின் அன்றைய தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ், தங்கள் போட்டியாளர் தூக்கம் என்றார். நகைச்சுவையாகச் சொன்னது என்று விட்டுவிடலாம், நள்ளிரவில் அடுத்த எபிசோட் தானாக ஓடத் தொடங்காமல் இருந்தால்.

நிறுவனங்களே கட்டுப்பாட்டுக் கருவிகளும் தருகின்றனவே என்று கேட்கலாம். டிக்டாக் ஒரு கருவி தந்தது: ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் ஆனதும் வளரிளம் பருவத்தினருக்கு எச்சரிக்கை காட்டும். 2024 அக்டோபரில், கென்டக்கி மாநிலம் தொடுத்த வழக்கின் ஆவணங்களில் கறுப்படித்து மறைக்கப்பட்டிருந்த பகுதிகள் சரியாக மறைக்கப்படாததால் வெளியே வந்துவிட்டன. அந்தக் கருவி வருவதற்கு முன் பிள்ளைகள் நாளொன்றுக்குச் செலவிட்டது 108.5 நிமிடம், வந்த பிறகு 107 நிமிடம் என்று நிறுவனத்தின் சொந்தக் கணக்கு அதில் இருந்தது. ஆவணங்களைச் சூழல் இல்லாமல் பிய்த்து எடுத்திருக்கிறார்கள் என்று நிறுவனம் மறுத்தது. நம் நாட்டில்தான் டிக்டாக் இல்லையே என்றால், 2020 ஜூன் கடைசியில் அது தடை செய்யப்பட்டது, அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் உலகிலேயே முதலில் இந்தியாவில் அறிமுகமானது. ஒரு ஜிபி டேட்டா 2014-இல் சுமார் 269 ரூபாய். ஜியோ வந்த பிறகு பத்து ரூபாய் அளவுக்கு இறங்கிவிட்டது. அதில் நன்மைகள் ஏராளம். இந்த ஓட்டத்துக்கு வழி திறந்ததும் அதுதான்.

மன உறுதியைப் பற்றிய ஒரு கணக்கு 2025-இல் வெளிவந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 467 பேர் தங்கள் போனில் இரண்டு வாரத்துக்கு இணையத்தை நிறுத்திவைக்கச் சம்மதித்தார்கள். பேசலாம், குறுஞ்செய்தி அனுப்பலாம், கணினியில் இணையம் பார்க்கலாம். போனில் மட்டும் கூடாது. நாளொன்றுக்கு 314 நிமிடமாக இருந்த போன் பயன்பாடு 161 நிமிடமாகக் குறைந்தது. மனநிலை தேறியது. கவனத்தைத் தொடர்ந்து நிறுத்திவைக்கும் திறன், வயது பத்து ஆண்டு குறைந்தாற்போல் மேம்பட்டது. நல்ல செய்தி. ஆனால் தாங்களே விரும்பி வந்த இவர்களில், இரண்டு வாரத்தில் பத்து நாளாவது தடையை முழுதாக வைத்திருந்தவர்கள் நான்கில் ஒருவர் அளவுக்குத்தான். மற்றவர்கள் இடையிலேயே திறந்துவிட்டார்கள். விரும்பி வந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், நாளை முதல் குறைத்துக்கொள்கிறேன் என்று நாம் சொல்லிக்கொள்வதன் மதிப்பு தெரிகிறது.

மிகையாகச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக மறுபக்கத்தையும் வைக்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் வீடியோ கேம் அடிமைத்தனம் இருக்கிறது. போன் அடிமைத்தனம் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டின் ஏமி ஆர்பனும் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் 2019-இல் மூன்றரை லட்சம் வளரிளம் பருவத்தினரின் தரவுகளை அலசி, மனநலத்தில் காணும் ஏற்றத்தாழ்வுகளில் டிஜிட்டல் பயன்பாட்டோடு தொடர்புபடுத்த முடிவது அதிகபட்சம் 0.4 சதவீதம் என்றார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2014 முதல் இத்தகைய அடிமைத்தனத்துக்கென்று தனிச் சிகிச்சைப் பிரிவே நடத்துகிறது. அங்கே போக வேண்டிய நிலையில் இருப்பவர்கள் சிலரே. மனநோய் வந்துவிடும் என்று பயமுறுத்துவது என் நோக்கமில்லை. கோமாளியைப் பார்க்காமல் நடந்தவர்களும் நல்ல மனநலத்தோடுதான் இருந்திருப்பார்கள்.

தனி மனிதர் தனியாக இதிலிருந்து வெளியே வருவது ஏன் கடினம் என்பதற்கு ஒரு பொருளாதார ஆய்வு நல்ல விளக்கம் தருகிறது. 2023-இல் வெளியான அந்த ஆய்வில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம், நான்கு வாரம் டிக்டாக் கணக்கை முடக்க எவ்வளவு பணம் கேட்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி 59 டாலர். சரி, உங்களோடு சேர்த்து உங்கள் கல்லூரியில் எல்லாருடைய கணக்கையும் முடக்கினால்? அப்படியென்றால் தாங்களே 28 டாலர் தரத் தயார் என்றார்கள். தான் மட்டும் வெளியேறினால் நஷ்டம், எல்லாரும் வெளியேறினால் லாபம். நம்மூரில் பத்தாம் வகுப்புப் பையன் இதையே காசு கணக்கில்லாமல் சொல்வான்: கிளாஸ்ல எல்லாரும் குரூப்ல இருக்காங்க. 2024-ஆம் ஆண்டின் ஏசர் என்ற கல்விநிலை அறிக்கைக்காகக் கிராமப்புறத்து 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளிடம் முந்தைய வாரத்தைப் பற்றிக் கேட்டபோது, படிப்புக்காகப் போனைப் பயன்படுத்தியதாகச் சொன்னவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்காக என்றவர்கள் 76 சதவீதம்.

எல்லாரும் சேர்ந்து வெளியே வருவது எப்படி இருக்கும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் ஓர் ஊர் இருக்கிறது. வட்காவ். மூவாயிரம் பேர் அளவில் வாழும் கிராமம். கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்புக்காகப் பிள்ளைகள் கைக்கு வந்த போன், பள்ளி திறந்த பிறகும் அவர்கள் கையைவிட்டுப் போகவில்லை. 2022 ஆகஸ்ட் 15 முதல் ஊரில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். இரவு 7 மணிக்கு சைரன் ஒலிக்கும். டிவியையும் போனையும் அணைத்துவிட வேண்டும். ஒன்றரை மணி நேரம் பிள்ளைகள் படிக்கலாம், பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கலாம். 8.30 மணிக்கு மறுபடி சைரன். போனைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்ற அறிவுரை இந்த ஏற்பாட்டில் எங்கும் இல்லை. ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டிலும் அணைந்திருக்கும் என்ற உறுதி மட்டும் இருக்கிறது. குரூப்பில் அந்த நேரத்தில் யாருமே இல்லையென்றால் அந்தப் பையனுக்கும் இழக்க ஒன்றுமில்லை.

தமிழ்நாட்டில் இதற்குப் பக்கத்தில் வருவது, யோசித்துப் பார்த்தால், கோயில்தான். திருச்செந்தூர் சுப்பிரமணிய சுவாமி கோயில் தொடர்பான வழக்கில் 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்ய உத்தரவிட்டது. சன்னதிக்குள் படமெடுப்பதும் வீடியோ போடுவதும் பெருகியதால் வந்த உத்தரவு; கவனத்தைப் பற்றிய அக்கறையால் அல்ல. ஆனாலும் வாசலில் போனைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போகிறவர்கள், தரிசன வரிசையில் நிற்கும் நேரம் முழுக்கப் போன் இல்லாமல்தான் நிற்கிறார்கள். முன்னால் நிற்பவர் எந்த ஊர் என்று விசாரிக்கிறார்கள். பிள்ளைகள் தூண்களில் இருக்கும் யாளியின் வாய்க்குள் கை விடுகின்றன. யாரும் மன உறுதியைத் திரட்டிக்கொண்டு வரிசையில் சேர்ந்ததாகத் தெரியவில்லை. போன் எட்டாத இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

வீட்டுக்கும் இதே வழிதான். போனை விட்டொழியுங்கள் என்று சொல்வதில் அர்த்தமில்லை. பால் வாங்க ஜிபே, காஸ் சிலிண்டருக்கு ஓ.டி.பி., பள்ளியின் வாட்ஸ்ஆப் குரூப், ரயில் டிக்கெட், கரண்ட் பில் எல்லாம் அதற்குள் போய்விட்டன. பாலுக்குப் பணம் அனுப்பத் திறந்த கை, அனுப்பி முடித்த பின் அங்கேயே நின்றுவிடுவதுதான் சிக்கல். ஆகவே, வீட்டுக்குள் நுழைந்ததும் போனுக்கு ஓர் இடம் வேண்டும். சார்ஜரும் அங்கேயே இருக்க வேண்டும். படுக்கையறைக்கு வெளியே, சாப்பிடும் இடத்திலிருந்து எழுந்து போனால்தான் எட்டும்படி. அலாரம் வேண்டும் என்பதற்காகத்தான் தலைமாட்டில் வைத்திருக்கிறேன் என்பவர்களுக்கு, பென்சில் பேட்டரி போட்டால் ஓடும் அலாரக் கடிகாரம் இன்னும் கடையில் கிடைக்கிறது.

ஒரு விஷயத்தில் பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரைக்கு நேர் எதிராக நான் சொல்வேன்: முழுக்கச் சைலன்ட்டில் போடாதீர்கள். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் 2022-ஆம் ஆண்டு ஆய்வில், சத்தத்தை முழுக்க நிறுத்தி வைத்தவர்கள் போனை அதிக முறை எடுத்துப் பார்த்தார்கள். ஏதாவது வந்திருக்குமோ என்ற சந்தேகம், வந்திருக்கிறது என்ற ஒலியைவிட மோசமாகக் குடைகிறது. நோட்டிஃபிகேஷன்களை ஒரு நாளைக்கு மூன்று முறை மொத்தமாக வரும்படி வைத்துப் பார்த்த இன்னொரு சோதனையிலும், மூன்று முறை பெற்றவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். ஒன்றுமே வராமல் நிறுத்தப்பட்டவர்களுக்குப் பதற்றம் கூடியது. எனவே அழைப்பு மணியை நன்றாகச் சத்தமாக வைத்துவிட்டு, மற்றவை எல்லாவற்றின் சத்தத்தையும் எடுத்துவிட்டு, போனை ஹாலில் விடலாம். அவசரம் என்றால் கூப்பிடுவார்கள், மணி கேட்கும், எழுந்து போய் எடுக்கலாம். முன்பு லேண்ட்லைன் போன் வீட்டில் இருந்த விதம் இதுதான்.

ஹால், படுக்கையறை என்று பிரித்துப் பேசுவதே சிலருக்கு எரிச்சலாக இருக்கும் என்பது தெரியும். வீடே ஓர் அறையாக இருப்பவர்களுக்குப் பீரோவின் மேல்தட்டு இருக்கிறது. எட்டி எடுக்க ஸ்டூல் போட வேண்டும் என்பதே அதன் நல்ல குணம். பள்ளிக்கூடத்து நண்பர்களின் பெற்றோர் நான்கைந்து பேர் பேசி வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் போனை எடுத்து வைக்கச் சொன்னால், வட்காவின் சைரன் இல்லாமலே அந்தப் பிள்ளைகளுக்கு அதன் பலன் கிடைக்கும். வீட்டில் யூடியூபை முழுச் சத்தத்தில் வைத்து அரசியல் விவாதம் கேட்கும் தாத்தாவுக்கும் இந்த விதி பொருந்த வேண்டும். பிள்ளைகள் முதலில் கவனிப்பது அதைத்தான்.

ஆனால் உணவு கொண்டுவந்து கொடுக்கிறவருக்கும் ஆப்பில் ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் இந்தக் கட்டுரையால் பயனில்லை. போனைக் கையெட்டாத இடத்தில் வைத்தால் அவருக்கு அன்றைய வருமானம் இல்லை. அலுவலக வேலையில் இருப்பவரின் நிலையும் ஓரளவு அதுவே. வேலை நேரத்துக்குப் பிறகு அலுவலகத் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பிரான்சில் 2017 முதல் சட்டமாக இருக்கிறது, ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதல். நம் மக்களவையில் 2018 இறுதியில் சுப்ரியா சுலே இதற்காக ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. மேலாளர் இரவு 10 மணிக்கு அனுப்பும் மெசேஜுக்கு இன்றைக்கும் பதில் போட்டாக வேண்டும். அதை ஹாலுக்கு எழுந்து போய், நின்றபடியே போட்டுவிட்டு, போனை அங்கேயே வைத்துவிட்டு வரலாம்.